சத்தமே இல்லாத இரைச்சல்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவர்கள் முப்பந்தல் பக்கம் வண்டியை ஓரங்கட்டாமல் போவது அபூர்வம். சாலையின் இரு பக்கமும் காற்றாலைகள், பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, பேர் சொல்லச் சொல்லி, ஊர் சொல்லச் சொல்லி, செல்போனில் ஒரு வீடியோ எடுப்பார்கள். வீடு திரும்பி அதை டிவியில் போட்டால் படம் பளிச்சென்று இருக்கும். ஒலி மட்டும் ‘தடதட’, ‘படபட’, நடுநடுவே ‘புர்ர்ர்’. பிள்ளைகளின் வாய் அசைவது தெரியும்; குரல் அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கோ கிடக்கும்.

முப்பந்தலில் காற்று பலமாக வீசுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகளை நட்டிருக்கிறார்கள். ஆச்சரியம் வேறு இடத்தில் இருக்கிறது. வீடியோ எடுத்த நேரத்தில் அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். எடுத்தவரின் காதுக்கும் செல்போனுக்கும் இடையே ஒன்றிரண்டு முழம்தான் இருந்திருக்கும். காது கேட்காத சத்தத்தை மைக் எங்கிருந்து கேட்டது?

மட்டமான மைக் என்று பழிபோடுவது எளிது. ஆனால் லட்ச ரூபாய் கேமராவும் வெறும் மைக்கோடு அங்கே போய் நின்றால் இதே ‘தடதட’வைத்தான் பதிவுசெய்யும். கோளாறு விலையில் இல்லை.

மைக் (நூல்களில் ஒலிவாங்கி) சத்தத்தைக் கேட்கும் கருவி என்று நினைக்கிறோம். அது செய்வது அதைவிடச் சாதாரணமான வேலை: தன் முகத்தில் படும் அழுத்தம் மாறுகிறதா என்று பார்ப்பது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. செல்போன் மைக்கில் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலமே உள்ள சிலிக்கான் படலம். அழுத்தம் கூடினால் உள்பக்கம் வளையும், குறைந்தால் வெளிப்பக்கம் வரும். அந்த அசைவு மின்குறிப்பாக மாறிப் பதிவாகிறது. அழுத்தம் ஏன் மாறியது, யாரால் மாறியது என்பதெல்லாம் சவ்வுக்குத் தெரியாது.

எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். வளிமண்டலம் நம்மை எல்லாப் பக்கமும் 1,01,325 பாஸ்கல் அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு. ஒரு மீட்டர் தள்ளி நின்று ஒருவர் இயல்பான குரலில் பேசும்போது அந்தப் பெரிய எண்ணில் ஏற்படும் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 0.02 பாஸ்கல். அவ்வளவுதான் பேச்சு. நல்ல காது கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலி அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது காற்று. நொடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஏதாவது ஒன்றில் நேராக மோதி நின்றால், மோதிய இடத்தில் சுமார் 15 பாஸ்கல் அழுத்தம் ஏறுகிறது. முப்பந்தல் கணக்கில் இது இளங்காற்று. அதுவே பேச்சைப் போல 750 மடங்கு. இந்தக் காற்று ஒரே சீராக வீசினால் பாதகமில்லை. மாறாத அழுத்தத்தை மைக் கண்டுகொள்ளாது. காற்று அப்படி வீசுவதில்லை என்பதுதான் தொல்லை. வேகம் 4 மீட்டருக்கும் 6 மீட்டருக்கும் இடையே ஊசலாடினால் அழுத்தம் சுமார் 10 பாஸ்கலிலிருந்து 22 பாஸ்கல் வரை ஏறி இறங்கும். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது விதி. அதனால் பலத்த காற்றில் நிலைமை படிப்படியாக மோசமாவதில்லை, ஒரேயடியாக மோசமாகிறது. இந்த மாற்றங்களில் பெரும்பகுதி மிக மெதுவானவை. மைக் அவற்றில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு பங்கே பேச்சை மூழ்கடிக்கப் போதும்.

அப்படியானால் காதிலும் இதே காற்று மோதியிருக்க வேண்டுமே? மோதியது. பைக்கில் வேகமாகப் போகும்போது காதுக்குள் ‘ஹோ’ என்று கேட்பது இதுதான். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினால் அந்தச் சத்தம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். ஆனால் காதுக்குச் சில சலுகைகள் உண்டு. செவிப்பறை வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குழாயின் கடைசியில் ஒளிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய சலுகை, தாழ்ந்த சுருதிகளில் நம் காது மந்தமானது. நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியை (1000 ஹெர்ட்ஸ்) கேட்கத் தேவையான அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 100 மடங்கு இருந்தால்தான் 50 ஹெர்ட்ஸ் ஒலி நம் காதில் லேசாகவாவது விழும். எந்தச் சுருதிக்குக் காது எவ்வளவு கூர்மை என்பதை 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் ஆட்களை உட்காரவைத்து அளந்து வரைபடமாக்கினார்கள். காற்றின் கொந்தளிப்பு முக்கால்வாசியும் தாழ்ந்த சுருதிப் பக்கத்தில்தான் இருக்கிறது. மைக்குக்கு அந்த மந்தம் கிடையாது. வந்ததையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்கிறது.

ஆனாலும் மையமான கேள்வி இன்னும் தீரவில்லை. மைக்கில் பதிவானது ஒரு ‘சத்தம்’ என்றால், பக்கத்தில் நின்றவர்களுக்கும் அது கொஞ்சமாவது கேட்டிருக்க வேண்டும். ஏன் கேட்கவில்லை?

தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து ஆற்றில் ஒரு கல்லை எறியுங்கள். வட்டமாக அலை கிளம்பும். அது தன் காலில் நடக்கிற அலை. அக்கரை நோக்கியும் போகும், நீரோட்டம் மெதுவாக இருந்தால் எதிர்ப்பக்கமும் ஏறும். அதே ஆற்றில் கல்மண்டபத் தூண்களுக்குப் பின்னால் சுழிகள் பிறக்கின்றன. சுழிக்குச் சொந்த நடை கிடையாது. ஆறு எந்த வேகத்தில் எங்கே இழுக்கிறதோ அந்த வேகத்தில் அங்கே போகும். சற்றுத் தூரம் போய் உடைந்து சின்னச் சுழிகளாகி மறையும். தண்ணீருக்குள் கையை நீட்டினால் அலையும் வந்து தட்டும், சுழியும் வந்து தட்டும். கைக்கு இரண்டும் தட்டல்தான். ஆனால் கல்லெறிந்த அலை படித்துறையில் காலை நனைத்து நிற்கிற எல்லாரையும் தொட்டிருக்கும். சுழி உங்கள் கையை மட்டும் தட்டிவிட்டுப் போயிருக்கும்.

பிள்ளையின் குரல் அந்த அலை. காற்றுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் அது எல்லாப் பக்கமும் பரவுகிறது. காற்றின் கொந்தளிப்பு அந்தச் சுழி. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மிதந்து வந்து, மைக்கின் முகத்தைத் தட்டிவிட்டு, கடந்து போய்விடுகிறது. அந்தத் தட்டல் ஒலியாகப் பரவிப் பக்கத்துக் காதை அடைவதில்லை. நீர், காற்று ஓட்டங்களை ஆராய்பவர்கள் இத்தகைய அழுத்த மாற்றத்துக்கு வைத்திருக்கும் பெயரைத் தமிழில் ‘போலி ஒலி’ என்று சொல்லலாம். வீடியோவில் நாம் கேட்டது முப்பந்தலில் இருந்த சத்தமில்லை. மைக்கின் மேல்தோலில், மைக் அங்கே இருந்ததாலேயே, பிறந்த ஒன்று.

சுழிகள் எங்கிருந்து வருகின்றன? பள்ளி இயற்பியலில் வரிச்சீர் ஓட்டம், சுழற்சி ஓட்டம் என்று படித்திருப்போம். 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தை மெல்லிய இழையாக விட்டுப் பார்த்தார். மெதுவான ஓட்டத்தில் இழை நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனபோது ஒரு கட்டத்தில் சட்டென்று கலைந்து குழாய் முழுக்கப் பரவியது. தரையை ஒட்டி வீசும் காற்று எப்போதோ அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. மரம், சுவர், வண்டி, மேடுபள்ளம் என்று எதன்மேல் உரசினாலும் சுழி. மைக்கில் வந்து மோதும்போது அந்த மைக்கே, அதைத் தாங்கும் செல்போனின் ஓரங்களே, அந்தச் சின்னத் துளையின் விளிம்பே இன்னும் கொஞ்சம் சுழிகளை உண்டாக்கும்.

இதையெல்லாம் வீட்டிலேயே சோதிக்கலாம். மின்விசிறியை அணைத்து, சன்னலைச் சாத்தி, அமைதியான அறையில் செல்போனில் ஒலிப்பதிவைத் தொடங்கி, போனை இறுகப் பிடித்துக்கொண்டு கையை வேகமாக வீசுங்கள். அறையில் இருப்பவர்களுக்குக் கைச்சட்டை உரசுவதைத் தவிர எதுவும் கேட்காது. ஹெட்போனில் பதிவைப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு ‘புர்ர்’ இருக்கும். காற்று போனை நோக்கி வந்தாலும் போன் காற்றை நோக்கிப் போனாலும் சவ்வுக்கு ஒன்றுதான்.

ஆய்வாளர்கள் இதை இன்னும் கண்டிப்பாகச் சோதித்தார்கள். நீண்டகாலம் மைக்குகளைக் காற்றுச்சுரங்கத்தில் வைத்து அளந்து வந்தனர். அங்கே ஓட்டம் ஓரளவு வழவழப்பானது; அதனால் மைக் தானே உண்டாக்கும் சுழிகள்தான் முதன்மைக் குற்றவாளியாகத் தெரிந்தன. 1992இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மார்கன், ராஸ்பெட் இருவரும் வெட்டவெளிக்குப் போனார்கள். மைக்கையும், சூடேற்றிய மெல்லிய கம்பி காற்றில் குளிர்வதை வைத்து வேகத்தை நொடிக்கு நொடி அளக்கும் கருவியையும் அருகருகே வைத்துப் பதிவுசெய்தார்கள். வெளியில் வீசும் காற்றில் ஏற்கெனவே இருக்கும் வேக ஏற்ற இறக்கங்களே வெறும் மைக்கின் தாழ்சுருதி இரைச்சலுக்குப் பெருங்காரணம் என்பது அதிலிருந்து தெரிந்தது. மைக்கை எவ்வளவு வழுவழுப்பாகச் செய்தாலும் இரைச்சல் போகாது என்பது இதன் நடைமுறை அர்த்தம். காற்றே சுழியோடு வருகிறது.

காற்றுக்கு உண்மையான சத்தம் கிடையாதா என்றால், உண்டு. சவுக்குத் தோப்பில் நின்றவர்களுக்கு அந்த ‘ஊ...’ தெரியும். ஊசி போன்ற மெல்லிய கிளைகளைக் காற்று கடக்கும்போது இருபுறமும் மாறிமாறிச் சுழிகள் கழல்கின்றன. அந்த ஒழுங்கான ஆட்டம் உண்மையான ஒலி அலையைக் கிளப்புகிறது. செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரௌஹால் 1878இல் கம்பிகளைக் காற்றில் சுழற்றி, இந்த ஒலியின் சுருதி கம்பி எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, காற்றின் வேகத்தையும் கம்பியின் தடிமனையும் பொறுத்தது என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இழையை நொடிக்கு 5 மீட்டர் காற்று கடந்தால் ஏறத்தாழ 1000 ஹெர்ட்ஸ் ஒலி பிறக்கும். இது தோப்பு முழுவதும் கேட்கும். ‘காற்றுச் சத்தம்’ வேண்டும் என்று இயக்குநர் கேட்டால், ஒலிப்பதிவாளர் செய்யும் முதல் வேலை மைக்குக்குக் காற்றே படாமல் மூடுவதுதான். அப்போதுதான் தோப்பு பேசும்.

இனி மூடுவது எப்படி என்பதைப் பார்ப்போம். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நொடிக்கு 5 மீட்டர் காற்றில் 5 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு சுழி மைக்கைக் கடக்க நூறில் ஒரு நொடி ஆகும். அப்படிச் சுழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் மைக் அதை 100 ஹெர்ட்ஸ் சத்தமாக எழுதிக்கொள்ளும். அரை மீட்டர் சுழி 10 ஹெர்ட்ஸ். அரை சென்டிமீட்டர் சுழி 1000 ஹெர்ட்ஸ். கொந்தளிப்பில் பெரிய சுழிகள் உடைந்து சிறியவை ஆகின்றன, அவை உடைந்து இன்னும் சிறியவை ஆகின்றன; ஆற்றலில் பெரும்பங்கு பெரியவற்றிடம் இருக்கிறது. எந்த அளவில் எவ்வளவு ஆற்றல் என்பதற்கு ரஷ்யாவின் கொல்மொகோரவ் 1941இல் ஒரு கணக்குக் கொடுத்தார். காற்றிரைச்சல் ‘கீச்’ என்று இல்லாமல் ‘தடதட’ என்று இருப்பதற்குக் காரணம் இதுவே.

இப்போது அதே 100 ஹெர்ட்ஸில் ஒரு ஆணின் அடிக்குரலை எடுத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 340 மீட்டர் போவதால் அந்த அலையின் நீளம் 3.4 மீட்டர். காற்றின் 100 ஹெர்ட்ஸ் 5 சென்டிமீட்டர். குரலின் 100 ஹெர்ட்ஸ் ஆளைவிட நீளம். சுருதியில் இரண்டும் ஒன்று, உருவத்தில் கிட்டத்தட்ட 70 மடங்கு வித்தியாசம். சுருதியை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். உருவத்தை வைத்துப் பிரித்தால் பிரிந்துவிடும்.

மைக்கின் தலையில் மாட்டும் கறுப்பு நுரைப்பந்து இந்த வேலையைத்தான் செய்கிறது. பந்தின் முகப்பில் காற்று மோதி அழுத்தம் ஏறும். பக்கவாட்டில் விரைந்து வழுகும் இடத்தில் அழுத்தம் குறையும். ஒரு ஓரத்தில் ஒரு சுழி அழுத்தும் நேரத்தில் இன்னொரு ஓரத்தில் வேறொன்று இழுக்கும். நடுவில் இருக்கும் மைக்குக்கு இந்த ஏற்றமும் இறக்கமும் கூட்டிக் கழித்த சராசரியே போய்ச் சேர்கிறது. 3.4 மீட்டர் நீளமுள்ள குரல் அலையோ பந்தைவிடப் பல மடங்கு பெரியது. பந்தின் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு அழுத்தும். சராசரி எடுத்தாலும் அதில் எதுவும் குறையாது. பந்தின் மேற்பரப்பு முழுவதும் அழுத்தத்தைச் சராசரி எடுக்கும் இந்தக் கணக்கை ஃபெல்ப்ஸ் என்பவர் 1938லேயே அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்தின் ஆய்விதழில் எழுதிவிட்டார்.

பந்து எவ்வளவு பெரியது என்பதுதான் முக்கியம் என்பதும் இதிலிருந்து புலப்படும். தன்னைவிடச் சிறிய சுழிகளைத்தான் பந்தால் சராசரியாக்க முடியும். ஒரு சென்டிமீட்டர் பந்து, நாம் எடுத்துக்கொண்ட காற்றில், 500 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள இரைச்சலையே நன்றாகக் குறைக்கும். 10 சென்டிமீட்டர் பந்து 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். காலர் மைக்கோடு கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கும் பட்டாணி அளவு நுரையால் வீட்டுக்குள் பேசுபவரின் மூச்சைத் தடுக்கலாம்; கடற்கரைக்கு அது போதாது.

இந்தத் தத்துவத்தை அதன் எல்லைவரை கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். உலகில் எங்காவது ரகசியமாக அணுகுண்டு வெடிக்கப்படுகிறதா என்று கண்காணிக்கும் சர்வதேச அமைப்பு ஒன்று வியன்னாவிலிருந்து இயங்குகிறது. மனிதக் காதுக்கு எட்டாத, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழொலிகளைக் கேட்கும் நிலையங்களை அது பல நாடுகளில் வைத்திருக்கிறது. 0.1 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 கிலோமீட்டர், அதே 0.1 ஹெர்ட்ஸில் தட்டும் காற்றுச் சுழியின் அளவு 50 மீட்டர். அதற்கு நுரைப்பந்து செய்ய முடியாது. ஆகவே தரையில் பல மீட்டர் பரப்புக்குத் துளைகளுள்ள குழாய்களை விரித்து, எல்லாத் துளைகளின் அழுத்தத்தையும் நடுவிலுள்ள ஒரே உணர்வியில் சேர்க்கிறார்கள். இந்தக் குழாய் யோசனையை 1959இல் டேனியல்ஸ் வெளியிட்டார். 2022 ஜனவரியில் டோங்கா எரிமலை வெடித்தபோது அந்த அழுத்த அலை உலகைச் சுற்றி வந்ததை இந்த நிலையங்கள் பதிவுசெய்தன.

நேரெதிர் ஆட்களும் உண்டு. செவ்வாய்க் கோளில் ஆய்வுசெய்யும் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் மைக் மேல் 2021 செப்டம்பர் 27 அன்று ஒரு புழுதிச் சூறாவளி ஏறிப்போனது. அந்த ‘புர்ர்’தான் ஆய்வாளர்களுக்கு வேண்டியிருந்தது, அதிலிருந்தும் மற்ற கருவிகளின் அளவீடுகளிலிருந்தும் சூறாவளி சுமார் 25 மீட்டர் அகலம் என்று கணித்தார்கள், மைக் பக்கம் வந்து மோதிய மணல்துகள்களைச் சத்தத்தை வைத்தே எண்ணினார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிள்ளையின் குரல்தான் வேண்டும்.

நுரைக்கு அடுத்த படி மயிருறை. படப்பிடிப்பு ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘டெட் கேட்’, செத்த பூனை. பார்த்தால் பெயர் சரிதான் என்று தோன்றும். நீண்ட செயற்கை மயிர்கள் காற்றைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைக்கின்றன. கூரான விளிம்பு இல்லாததால் புதிய சுழிகள் அதிகம் பிறப்பதில்லை. அதற்கும் மேலே, மைக்கைக் கூண்டுக்குள் தொங்கவிட்டு, கூண்டின் மேல் துணி, அதன் மேல் மயிருறை. கூண்டுக்குள் சிறைப்பட்ட அசையாத காற்றுதான் அங்கே உண்மையான பாதுகாப்பு. ஒலி அதன் வழியே தடையின்றிப் போகும், ஓட்டம் போகாது.

வீட்டில் இதற்கு மாற்று செய்யலாம். பொருள் எதுவானாலும் ஒரே சோதனை போதும்: உதட்டில் வைத்து ஊதுங்கள். மூச்சு மெதுவாக மறுபக்கம் கசிந்தால் அது உதவும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், பழைய கம்பளிக் குல்லா, மயிர் அடர்ந்த பொம்மைத் துணி எல்லாம் தேறும். டிவி பெட்டியில் வரும் வெள்ளை பேக்கிங் நுரை தேறாது. அதன் குமிழிகள் அடைபட்டவை, காற்றோடு குரலையும் தடுத்துவிடும். துணியை மைக் துளையின் மேல் அழுத்திக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. துளைக்கும் துணிக்கும் நடுவே விரல் அளவு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில்தான் அசையாத காற்று இருக்கிறது. உங்கள் செல்போனில் மைக் துளைகள் எங்கே என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலும் சார்ஜர் செருகும் இடத்தின் பக்கத்தில் ஒன்று, மேல் ஓரத்திலோ கேமரா அருகிலோ இன்னொன்று.

உறை எதுவும் இல்லையா? குனியுங்கள். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும். சுவர், வேலி, நிறுத்திய கார் ஆகியவற்றின் மறைவுக்குப் போங்கள். எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, மைக்கைப் பேசுபவரின் பக்கத்தில் கொண்டுபோவது. இரண்டு மீட்டரிலிருந்து 20 சென்டிமீட்டருக்கு வந்தால் குரலின் அழுத்தம் பத்து மடங்காகிறது. காற்று அதே காற்றுதான். திசை பார்த்துக் கேட்கும் நீள மைக் வாங்கினால் காற்றுத் தொல்லை தீரும் என்று நினைத்துப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் உண்டு. அந்த மைக்குகள் அருகருகேயுள்ள அழுத்தங்களின் வேறுபாட்டை அளப்பவை. ஒலி அலையில் அந்த வேறுபாடு சிறியது, சுழியில் பெரியது. உறையில்லாமல் காற்றில் அவை சாதாரண மைக்கைவிட மோசமாகத் திணறும்.

இரண்டு மைக் உள்ள போன்கள் வேறொரு தந்திரம் செய்கின்றன. குரல் இரண்டு மைக்குகளையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஒரே வடிவத்தில் அடைகிறது. சுழி அப்படி இல்லை. ஒரு துளையைத் தட்டுவது இன்னொன்றுக்குத் தெரியாது. இரண்டு பதிவுகளும் ஒத்துப்போனால் ஒலி, ஒத்துப்போகாவிட்டால் காற்று என்று மென்பொருள் முடிவெடுக்கிறது. ஹெட்போனில் கேட்கும்போது காற்றிரைச்சல் இடக்காதிலும் வலக்காதிலும் தனித்தனியாகப் பிய்த்துக்கொண்டிருப்பதற்கும் காரணம் இதுதான். எடிட் செய்யும்போது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டு, அமைதியான பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

கேமரா மெனுவில் ‘லோ கட்’ என்றோ ‘விண்ட் கட்’ என்றோ ஒன்று இருக்கும். இது சுருதியை வைத்துப் பிரிப்பது. 80 அல்லது 120 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைத்துவிடும். குரல் மெலிந்துவிடாதா என்று பயப்பட வேண்டாம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோனது. அதில் அப்பாவின் குரலை அடையாளம் காணாதவர் யார்? அடிச்சுருதி வெட்டுப்பட்டாலும் மேலுள்ள சுருதிகளை வைத்து மூளை அதை நிரப்பிக்கொள்கிறது. ஆனால் பலத்த காற்றின் இரைச்சல் பல நூறு ஹெர்ட்ஸ் வரை ஏறி வரும்; அங்கே இந்தப் பொத்தானால் ஆவது கொஞ்சம்தான்.

பதிவான பிறகு மென்பொருளால் சரிசெய்துகொள்ளலாம் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. இரைச்சல் பதிவின் உச்ச அளவைத் தாண்டியிருந்தால் அலையின் தலை தட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். இதைக் கிளிப்பிங் என்பார்கள். அந்த நொடியில் குரலின் வளைவு நெளிவுகள் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை எந்த வடிகட்டியும் மீட்காது. தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு இன்னொரு கெடுதல் செய்யும். ஒரு ‘புர்ர்’ வந்ததும் எல்லாவற்றையும் குறைக்கும், குரலையும் சேர்த்து. காற்று ஓய்ந்ததும் மெதுவாக ஏற்றும். அதனால் வார்த்தைகள் மூழ்கி மூழ்கி எழும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குரலை வியக்கத்தக்க அளவு வெளியே எடுக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெட்டுப்பட்ட இடங்களில் அவை செய்வது ஊகம். பேசியவரின் குரலுக்கு நெருக்கமான ஒரு குரல் அங்கே வந்து நிற்கும். அசல் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.

எடுத்த இடத்திலேயே சரிபார்க்க நினைப்பவர்களையும் செல்போன் ஏமாற்றும். அதன் சின்ன ஸ்பீக்கரால் தாழ்சுருதிகளை எழுப்ப முடியாது. காற்றிரைச்சலின் கனமான பகுதி காதில் விழாமலே போகும், ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் போட்டதும் குட்டு வெளிப்படும். பையில் ஒரு ஹெட்போன் இருந்தால் இது அங்கேயே தெரிந்துவிடும்.

கெட்டுப்போனது தெரிந்தால், தமிழ் சினிமா பல பத்தாண்டுகளாகச் செய்துவந்த வழி ஒன்று இருக்கிறது. வெளிப்புறக் காட்சியில் பதிவான குரலை அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு டப்பிங் அறையில் நடிகரை மறுபடி பேசவைப்பார்கள். நிறுத்திய கார் ஓர் அருமையான டப்பிங் அறை. கண்ணாடிகளை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டால் வெளிக்காற்று நுழையாது. மெத்தை இருக்கைகள் எதிரொலியையும் உறிஞ்சிக்கொள்ளும். முப்பந்தலை விட்டுக் கிளம்பும் முன்னே பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வீடியோவைக் காட்டி, அதே வார்த்தைகளை இன்னொரு முறை சொல்லச் சொல்லி, போனில் தனியாக ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். உதட்டசைவு கொஞ்சம் தவறினால் பாதகமில்லை. அடியில் அசல் இரைச்சலையும் மெலிதாக விட்டு வைத்தால் இடம் எது என்பதும் தெரியும்.